வெள்ளம் கொண்டுபோவது விதியா?

சைவ சமயத்தவரின் வழிபாட்டில் நீருக்குத் தனியிடம் உண்டு. பூசை தொடங்குமுன் கும்பத்தில் நிரப்பப்படுவது நீர். மூர்த்திக்கு அபிஷேகமாவது நீர். அடியார் கையில் தீர்த்தமாகக் கிடைப்பதும் நீரே. இறைவனின் எட்டு வடிவங்களுள் நீரும் ஒன்று என்பது சைவர் கொள்கை. பஞ்சபூதத் தலங்களுள் திருவானைக்கா அப்புத் தலமாகப் போற்றப்படுகின்றது. மூர்த்தி, தலம், தீர்த்தம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இடங்களைத் தேடிச் சென்று வழிபடுவதைப் பெரும் பேறாகக் கருதி வந்தவர்கள் முன்னோர்.

அத்தகைய புனித நீரே சில வேளைகளில் கண்மூடித் திறப்பதற்குள் உயிர்களைக் கொண்டுபோய் விடுகின்றது. அருவியில் நீராடச் சென்ற இளைஞன் திரும்பி வருவதில்லை. ஆற்றைக் கடக்க இறங்கிய குடும்பம் அக்கரை சேர்வதில்லை. செய்தி ஊருக்கு வந்ததும் முதலில் எழும் சொல் "விதி" என்பதாகும். "அவன் ஆயுள் அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகின்றது.

அந்தச் சொல் சரியானதுதானா? சமயம் அறிந்தவர்கள் அதை எப்போது சொல்லலாம், எப்போது சொல்லக்கூடாது? கந்தளாய் மண்ணில் வாழும் அடியார்கள் மற்றெவரையும்விட ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய வினா இதுவாகும்.

தெளிந்த வானத்தின் கீழ் வரும் வெள்ளம்

மழை பெய்து, ஆறு பெருகி, மெல்ல மெல்லக் கரை ஏறும் வெள்ளத்தை எல்லோரும் அறிவர். மாரி காலத்தில் அது வழமையான காட்சி. ஆனால் மலையடிவார ஓடைகளிலும் அருவிகளிலும் வரும் திடீர் வெள்ளம் வேறு வகையானது. நீராடுபவரின் தலைக்குமேல் வெயில் எறித்துக்கொண்டிருக்கும். பல கிலோமீற்றர் தொலைவில், மலைக்கு அப்பால், அவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் கனமழை பொழிந்திருக்கும். அந்த நீர் முழுவதும் ஒடுங்கிய பாறை இடுக்குக்குள் இறங்கும்போது சேறு, மரக்கிளை, கல் எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு வந்து சேரும். முழங்கால் அளவு நீர் ஆளை மூடும் அளவாக உயரச் சில நிமிடங்களே போதும்.

2024ஆம் ஆண்டு மே மாதம் 17ஆந் திகதி தமிழ்நாட்டின் குற்றாலத்தில், பழைய குற்றால அருவியில் இதுவே நிகழ்ந்தது. குற்றாலச் சாரற் காலம் ஆனி மாதமளவிலேயே தொடங்கும். அதற்கு முன்பே மலையில் பெய்த கோடை மழை வெள்ளமாக இறங்கியது. குளித்துக்கொண்டிருந்த மக்கள் அலறியடித்து ஓடினர். 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான்.

2007ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் தாய்லாந்து மக்களும் சித்திரைப் புத்தாண்டைக் கொண்டாடிக்கொண்டிருந்தனர். அந்நாட்டின் திராங் மாகாணத்திலுள்ள அருவிகளில் நீராடச் சென்றோரைத் திடீர் வெள்ளம் வாரிச் சென்றது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2017ஆம் ஆண்டு யூலை மாதம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஓடையொன்றில் பிறந்தநாள் கொண்டாடிய ஒரே குடும்பத்தில் 10 பேர் மடிந்தனர். மழை பெய்தது ஏறத்தாழ 13 கிலோமீற்றர் மேலே. வானிலை நிலையம் எச்சரிக்கை வெளியிட்டிருந்தது. ஆனால் ஓடையில் இருந்தவர்களின் காதுக்கு அது எட்டவில்லை. எச்சரிக்கை பிறந்தும் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் இல்லாமற் போயிற்று என்பது ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது.

நீச்சல் தெரியும் என்ற துணிவு இங்கு பயன்படாது. ஒரு கன மீற்றர் நீரின் நிறை 1,000 கிலோகிராம். ஓட்டத்தின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகின்றது. அரை அடி ஆழத்தில் விரைந்தோடும் நீரே வளர்ந்த மனிதனின் காலை வாரிவிடும். இரண்டடி நீர் பெரும்பாலான வாகனங்களை மிதக்கச் செய்து இழுத்துச் செல்லும். குளத்தில் நீந்திப் பழகிய கையும் காலும், கல்லும் மரமும் கலந்து வரும் நீருக்கு முன் ஒன்றும் செய்ய இயலாதவையாகி விடுகின்றன.

ஆயினும் ஆறு முழு மௌனமாக வருவதில்லை. தெளிந்த நீர் திடீரெனக் கலங்கும். சருகும் சுள்ளியும் நுரையும் மிதந்து வரும். சற்று முன் நீருக்கு மேலே தெரிந்த கல் மறையும். மேற்புறத்திலிருந்து வண்டித் தொடர் ஓடுவதுபோல ஓர் இரைச்சல் கேட்கும். இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் அந்தக் கணமே கரையேற வேண்டும். எல்லா வேளைகளிலும் இத்தனை அறிகுறிகளும் கிடைக்கும் என்பதற்கில்லை. கிடைத்தவற்றைக் கண்டும் காணாமல் இருப்பது மனிதனின் குற்றமேயன்றி ஆற்றின் குற்றமன்று.

கந்தளாய் கண்ட இரவு

கந்தளாய் என்றதும் நினைவுக்கு வருவது குளம். பேராற்றை மறித்துக் கட்டப்பட்ட இக்குளத்தைக் குளக்கோட்டு மன்னனின் திருப்பணியோடு தொடர்புபடுத்திப் பேசுவது திருகோணமலைத் தமிழர் மரபு. வரலாற்று நூல்கள் அநுராதபுர, பொலநறுவைக் கால மன்னர்களின் பெயர்களோடும் இதனைச் சேர்த்துக் கூறும். கோணேசர் ஆலயத்துக்கும் தம்பலகாமத்து வயல்களுக்கும் இக்குளத்துக்கும் உள்ள உறவு நூற்றாண்டுகள் கடந்தது. கோயிற் காரியங்களுக்கு நெல் விளைய வேண்டும், நெல் விளையக் குளம் நிறைய வேண்டும். ஆதலால் குளத்தைக் காப்பதும் கோயிலைக் காப்பதும் ஒரே தொண்டாகவே கருதப்பட்டன.

அந்தக் குளம் 1986ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 20ஆந் திகதி அதிகாலை மூன்று மணியளவில் உடைத்துக்கொண்டது. புத்தாண்டு கழிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஊர் உறங்கிக்கொண்டிருந்தது. கட்டு உடைந்து பாய்ந்த நீர் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. 1,600க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. ஏறத்தாழ 2,000 ஏக்கர் வயல் பாழாயிற்று. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாட்டை நீர் பார்க்கவில்லை. பாயிற் படுத்திருந்த குழந்தைகள் எழுந்திருக்கவே இல்லை.

குளக்கட்டின்மேல் கனரக வாகனங்கள் ஓடியமையும் உடைப்பிற்குரிய காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது. இங்குதான் "விதி" என்ற சொல் தடுமாறுகின்றது. உறங்கிய குழந்தை என்ன செய்திருக்க முடியும்? ஒன்றும் செய்திருக்க முடியாது. அதனைப் பொறுத்தவரையில் அது விதி என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கட்டைக் காக்க வேண்டியவர்களுக்கும், அதன்மேல் பாரம் ஏற்றியவர்களுக்கும், கசிவைக் கண்டும் சொல்லாமல் விட்டவர் எவரேனும் இருந்தால் அவருக்கும் அதே சொல்லை வழங்க முடியுமா? ஒருவனுக்கு விதியாக வந்தது மற்றொருவனின் கவனக்குறைவாக இருக்கக்கூடும். ஒரே வெள்ளத்தில் இரண்டும் கலந்தே வருகின்றன.

அண்மையில் கண்டதும் அதுவே. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த தித்வா புயல் இலங்கையில் அறுநூறுக்கும் மேற்பட்டோரைக் காவுகொண்டது. மலைநாட்டில் கொட்டிய மழை மாவலி கங்கை வழியே திருகோணமலை மாவட்டத்தின் தாழ்நிலங்களை வந்தடைந்தது. மாவிலாற்றுப் பகுதியில் கட்டு உடைந்தது. மேலே பெய்யும் மழைக்குக் கீழே இருப்பவர் விலை கொடுக்கிறார் என்ற உண்மையை ஆற்றங்கரைக் கிராமங்கள் மீண்டும் ஒருமுறை கற்றுக்கொண்டன. அதற்கு ஓராண்டு முன்னர், 2024 நவம்பர் 26ஆந் திகதி, அம்பாறை மாவட்டத்தின் மாவடிப்பள்ளியில் வெள்ளம் மூடிய வீதியைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் கவிழ்ந்து மத்ரசா மாணவர்கள் மாண்டதையும் கிழக்கு மாகாணம் மறக்கவில்லை. வீடு திரும்பும் ஆவலில் இருந்த பிள்ளைகள் அவர்கள். வண்டி போகலாமா, நிற்கலாமா என்று தீர்மானிக்கும் பொறுப்பு பிள்ளைகளுடையதன்று.

வினைப்பயன் என்பது எதற்கு?

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாக வகுத்துக் காட்டும். பல பிறவிகளிற் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்காக வந்தது பிராரத்தம். இப்போது செய்து ஈட்டிக்கொண்டிருப்பது ஆகாமியம். வெள்ளத்திற் சிக்கியவனின் பிராரத்தம் யாது என்பதை அறிந்தவன் இறைவன் ஒருவனே. பக்கத்து வீட்டுக்காரனுக்கு அது தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோலப் பேசி, "முற்பிறப்பில் என்ன செய்தானோ" என்று மாண்டவனைக் குற்றவாளியாக்குவது பக்தி ஆகாது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன் அப்படிப் பேசுவது பாவமும் ஆகும்.

மாறாக, பேசுபவனின் ஆகாமியம் அவன் கையிலேயே இருக்கின்றது. ஆற்றங்கரையில் நிற்கும் ஒருவன் நீர் கலங்குவதைக் காண்கிறான். கீழே பிள்ளைகள் குளிக்கின்றனர். அவன் "தம்பிமார், மேலே ஏறுங்கோ!" என்று கத்துவதும், வாய்மூடி நிற்பதும் அவன் இப்போது செய்யும் வினைகள். மற்றவரின் பிராரத்தத்தைக் காரணம் காட்டித் தன் ஆகாமியத்திலிருந்து தப்பிக்கொள்ள எவராலும் இயலாது.

"அவனன்றி ஓரணுவும் அசையாது அல்லவா? எல்லாம் அவன் செயலாயின் மனிதன் கத்தி என்ன பயன்?" என்று சிலர் கேட்பர். நல்ல கேள்வியே. எல்லாம் அவன் செயலாயின், கரையில் நிற்பவனின் கண்ணும் அவன் கொடுத்தது, குரலும் அவன் கொடுத்தது, அந்த நேரத்தில் அவனை அங்கே நிறுத்தியதும் அவனே. வெள்ளத்தை மட்டும் இறைவன் செயல் என்று சொல்லி, எச்சரிக்கும் குரலை இறைவன் செயலன்று என ஒதுக்குவது எந்த வகையில் நியாயம்?

விதி என்ற சொல் மருந்து போன்றது. இழப்பு நேர்ந்தபின், ஆற்ற முடியாத துயரில் உள்ளவருக்கு, அன்போடு கொடுத்தால் அது நெஞ்சை ஆற்றும். அதே சொல்லை ஆற்றில் இறங்குமுன் எடுத்துக்கொண்டால் அறிவை மயக்கும் நஞ்சாகும். துயருற்றவருக்கு உரிய அந்த மருந்தைப் பொறுப்பில் உள்ளவர் தம் தவறை மறைக்க எடுத்துக்கொள்வது அதனினும் கொடியது.

இறைவன் சுமந்த மண்

திருவிளையாடற் கதைகளுள் பிட்டுக்கு மண் சுமந்த கதையை அறியாத சைவப் பிள்ளை இல்லை. வைகை பெருகிக் கரையை உடைத்தபோது பாண்டிய மன்னன் வீட்டுக்கு ஓராளாகக் கரை அடைக்கக் கட்டளையிட்டான். பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்ற முதியவளுக்குத் துணை இல்லை. சிவபெருமானே கூலியாளாக வந்து அவள் பங்கை ஏற்றார். உதிர்ந்த பிட்டை உண்டார், ஆடினார், பாடினார், உறங்கினார். அவர் பங்கு அடைபடாமற் கிடந்தது. பிரம்படி விழுந்தது. அந்த அடி மன்னன் முதல் எல்லா உயிர்கள்மீதும் பட்டது.

இக்கதையை மாணிக்கவாசகரின் பெருமைக்காகவும் வந்தியின் அன்புக்காகவும் சொல்வது வழக்கம். வெள்ளத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது வேறு இரண்டு உண்மைகளும் அதில் விளங்குகின்றன. ஒன்று, கரை என்பது எல்லோருடைய பங்கும் சேர்ந்தது. தொண்ணூற்றொன்பது பங்கு அடைபட்டும் ஒரு பங்கு திறந்து கிடந்தால் வெள்ளம் அந்த வழியாகவே ஊருக்குள் வரும். மற்றொன்று, ஒருவன் தன் பங்கைச் செய்யாது விட்டதற்கான அடி அவன் ஒருவன் முதுகோடு நிற்பதில்லை. ஊர் முழுவதும் அதைச் சுமக்கின்றது. நினைத்த மாத்திரத்தில் வைகையை அடக்கவல்ல பெருமானே கூடையும் மண்வெட்டியும் எடுத்து நின்றார் என்றால், "சாமி பார்த்துக்கொள்வார்" என்று அடியவன் கைகட்டி நிற்கலாமா?

புனிதத் தலத்துக்கு அருகில் இருப்பதே காப்பாகிவிடும் என்றும் எண்ணலாகாது. 2013ஆம் ஆண்டு யூன் மாதம் 16ஆம் 17ஆம் திகதிகளில் இமயமலையிலுள்ள கேதாரநாத்தில் பெருமழை கொட்டியது. மேலேயிருந்த சோராபாரி ஏரி உடைந்து நீரும் கல்லும் இறங்கின. ஆலயத்தின் பின்புறம் உருண்டு வந்து நின்ற பெரும்பாறை வெள்ளத்தைப் பிரித்துவிட, கருங்கற்கோயில் தப்பியது. சுற்றியிருந்த கட்டடங்கள் அழிந்தன. அந்த அனர்த்தத்தில் மாண்டவர்களும் காணாமற் போனவர்களும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர். யாத்திரிகர் பலர் அவர்களுள் அடங்குவர். அவர்கள் பக்தியிற் குறைந்தவர்கள் என்று எவர் சொல்ல முடியும்? இயற்கையின் ஒழுங்கு அடியாருக்கும் அல்லாதாருக்கும் ஒன்றே. அடியார் என்பதனால் கிடைப்பது வெள்ளத்திலிருந்து விதிவிலக்கன்று. பிறர் உயிரைத் தன்னுயிர்போல எண்ணும் நெஞ்சே அதனால் கிடைக்க வேண்டிய பேறு.

அறிந்தவன் கடன்

நீராடச் செல்பவனுக்கு ஒரு கடமை உண்டு. அவ்விடத்து மக்களிடம் கேட்டு, அவர்கள் வேண்டாம் என்றால் இறங்காதிருக்க வேண்டும். தலைக்குமேல் உள்ள வானத்தை மட்டும் பாராது மலைப்பக்கம் கறுத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நீர் ஏறினால் ஆற்றோடு கீழ்நோக்கி ஓடாது பக்கவாட்டில் மேட்டை நோக்கி ஏற வேண்டும். 1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பிக் தொம்சன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வண்டியில் ஏறி வீதிவழியே வெள்ளத்தை முந்திச் செல்ல முயன்றவர்கள் அவர்களுள் இருந்தனர். வண்டியை விட்டு மலைச்சரிவில் ஏறியவர்கள் பிழைத்தனர். அதன்பின் "வெள்ளம் வந்தால் மேலே ஏறுங்கள்" என்ற கருத்துள்ள பலகைகள் அங்கே நாட்டப்பட்டன. செருப்புக்கும் உடுப்புக்கும் கைத்தொலைபேசிக்கும் திரும்பிப் போகலாகாது. இழுபடுபவரைக் காப்பாற்றத் தானும் குதிப்பது பெரும்பாலும் இரண்டு உயிர்களை இழப்பதிலேயே முடியும். கயிறோ வேட்டியோ நீண்ட தடியோ எறிவதும் நீட்டுவதுமே தக்கது.

கூட்டிச் செல்பவனுக்கு அதனினும் பெரிய கடமை உண்டு. கதிர்காம யாத்திரையில் மாணிக்க கங்கையில் நீராடாது திரும்புவோர் அரிது. அந்தக் கங்கை ஊவா மலைப்பகுதியிலிருந்து இறங்கி வருவது. கதிர்காமத்தில் வெயிலாக இருக்கும்போதே மேலே மழை பெய்யலாம். பேருந்தில் ஐம்பது பேரை அழைத்துச் செல்லும் தலைவர், எல்லோரும் இறங்கிக் குளிக்கும் வேளையில் ஒருவரையாவது கரையில் நிறுத்தி மேற்புறத்தைப் பார்த்திருக்கச் செய்ய வேண்டும். அந்த ஒருவருக்கு அன்று தீர்த்தமாடும் பலன் குறைந்துவிடாது. ஐம்பது பேரின் பலனில் அவருக்கும் பங்கு உண்டு.

ஆலயங்களை நடத்துவோருக்கும் இதில் பொறுப்பு இருக்கின்றது. தீர்த்தோற்சவ நாளில் ஆறு பெருகி நின்றால் என்ன செய்வது? நாள் தவறக்கூடாது, சுவாமி தீர்த்தமாட வேண்டும் என்பது மரபு. ஆனால் ஆறும் கடலும் இல்லாத ஊர்களில் கேணியிலும் கிணற்றடியிலும் கங்கையை எழுந்தருளச் செய்து தீர்த்தமாடும் ஆலயங்கள் எத்தனையோ உள்ளன. கும்பத்து நீரில் கங்கை எழுந்தருளுவாள் என்று நாள்தோறும் நம்பி வழிபடும் சமயத்தில், பெருகிய ஆற்றில் ஆயிரம் பேரை இறக்கினால்தான் திருவிழா நிறைவுறும் என்று கொள்ள இடமில்லை. அடியாரின் உயிரைப் பணயம் வைத்து நிறைவேறும் கிரியை இறைவனுக்கு உகந்ததாகாது.

குளத்துக்குக் கீழே வாழ்வோர் துருசு திறக்கும் நேரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும். அமைதியாக ஓடும் வாய்க்கால் கதவு திறந்ததும் வேறு உருவம் கொள்ளும். கட்டிற் கசிவோ வெடிப்போ கண்டவர் கிராம உத்தியோகத்தருக்கும் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும் அறிவிக்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு எவரும் அழைக்கலாம். அறிவித்தபின் ஒன்றும் நேராமற் போனால் ஊர் சிரிக்குமே என்று தயங்குபவர் பலர். உண்மையில் பல உயிர்கள் போவது இந்த வெட்கத்தினாலேயாகும். வராத வெள்ளத்துக்காகக் கரையேறியவன் அரை மணி நேரக் குளிப்பை இழப்பான். வந்த வெள்ளத்துக்குக் கரையேறாதவன் இழப்பதை எவராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. சிரிப்புக்கு அஞ்சி மௌனம் காத்தவனும் பிறகு நிம்மதியாக உறங்குவதில்லை.

நிறைவாக

நீர் இறைவனின் வடிவம் என்பது மெய். ஆகவே அதனிடத்தில் அன்பு வேண்டும், அதனோடு அச்சமும் வேண்டும். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி, தலை குனிந்து, அனுமதி கேட்பவன்போல உள்ளே செல்லும் அடியவன், ஆற்றங்கரையிலும் ஒரு கணம் நின்று, மலையைப் பார்த்து, நீரைப் பார்த்து, பக்கத்தில் நிற்கும் பிள்ளையையும் பார்த்தபின் இறங்குவானாயின் அதுவும் ஒரு வழிபாடே.

போனவர்களுக்காக "விதி" என்று சொல்லி அழலாம். இருப்பவர்களுக்காக அந்தச் சொல்லைச் சொல்லவே கூடாது. அவர்களுக்காகச் சொல்ல வேண்டியது "மேலே ஏறுங்கோ" என்ற சொல். 1986ஆம் ஆண்டின் அந்த அதிகாலையில் உறங்கிய குழந்தைகளுக்கு அப்படி ஒரு குரல் கிடைக்கவில்லை. இனி வரும் பிள்ளைகளுக்கு அது கிடைப்பது கந்தளாய் மண்ணில் வாழும் ஒவ்வொருவரும் தத்தம் பங்கு மண்ணைச் சுமப்பதிலேயே தங்கியுள்ளது.

குளமும் வயலும் குடிகளும் செழித்தோங்கவும், நீர்நிலைகளை நாடிச் செல்வோர் அனைவரும் நலமே இல்லம் திரும்பவும், எல்லாம் வல்ல எம்பெருமான் திருவருள் பாலிப்பதாக.

சுபம்.